மறுநாளே எழுந்து நடக்கலாம்

இதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது சீதாலட்சுமிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். வெளியே தெரிந்தால் காறித் துப்புவார்கள் என்பதால் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற புருஷன் ஹரிராம், "அழுகாத, அழுகாத. நான் இருக்கேன்ல" என்றார். அவர் இருப்பதுதான் அவளுடைய முதல் நோய் என்பது எந்த ஸ்கேனிலும் தெரியவில்லை.

சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷம் முன்னால் இதே ஹரிராமுக்கு இதே ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு அடைப்பை எடுத்தார்கள். தொடை வழியாகக் குழாயை விட்டு, இதயம் வரைக்கும் கொண்டுபோய், அடைத்த இடத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்துவிட்டு வந்தார்கள். ஊரில் அதற்கு ஸ்பிரிங் வைப்பது என்று பெயர். வைத்தது ஸ்பிரிங், கிடைத்ததோ பட்டாபிஷேகம். தொடையில் குத்திய இடத்தில் ரத்தம் பீய்ச்சாமல் இருக்க ஒரு மணல் மூட்டையை வைத்து, "ஒரு நாள் முழுக்கக் காலை அசைக்கக் கூடாது" என்றார்கள். ஹரிராம் சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர். ஒரு நாளைக்குக் காலை அசைக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து ஒன்றரை மாசத்துக்கு விரலைக்கூட அசைக்கவில்லை.

அடேங்கப்பா, அந்த ஒன்றரை மாசம்! ரசம் சாதத்தைக் கரைத்து ஸ்பூனில் ஊட்ட வேண்டும். டி.வி. ரிமோட்டை அமுக்கக்கூட ஆள் வேண்டும். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வரிசை கட்டி வந்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் காபி, டிபன், முருங்கைக்கீரை வடை. சுட்டது யார் என்று கேட்காதீர்கள். அடுப்படியில் எண்ணெய்ப் புகைக்கு நடுவே நின்று வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சீதாலட்சுமிக்கு முதன்முதலாக அந்த ஆசை வந்தது. எனக்கும் இப்படி ஒரு நோய் வந்து, ஒரே ஒரு நாள், எந்திரிக்கக் கூடாது என்று ஒரு டாக்டர் சொல்லி, நான் பாட்டுக்குப் படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும்?

தப்பாக நினைக்க வேண்டாம். அவளுக்குச் சாக ஆசை இல்லை. படுக்கத்தான் ஆசை.

வில்லாபுரத்தில் அவர்கள் வீட்டில் மூன்று ஆண்கள், ஒரு பெண். ஹரிராமுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. மூத்தவன் கிரிதரன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். இளையவன் விஜய்ஆனந்த் படித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று சொல்லி, அதை டி.வி.யில் கிரிக்கெட் ஓடுகிற சேனல்களில் தேடிக்கொண்டிருந்தான். மூன்று பேரில் ஒருவருக்கும் வெந்நீர் வைக்கத் தெரியாது. வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். ஹரிராம் கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார், தெருவுக்கும் விளங்கட்டும் என்று.

நெஞ்சு வலி அவளுக்கு நேற்று இன்று வந்ததில்லை. பல மாசமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்தும், இடது தோள் கடுக்கும். ஹரிராம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "வாயு" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவருக்கு வந்தால் ஹார்ட், அவளுக்கு வந்தால் வாயு. பூண்டு ரசம் வை, பெருங்காயத்தைக் கரைத்துக் குடி, ஒரு சோடா குடி என்று வைத்தியம் சொன்னார். அந்த ரசத்தை அவள்தான் வைக்க வேண்டும், அதை மூன்று பேரும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக ஏப்பம் விடுவார்கள். பார்த்தால் வாயு அவர்களுக்குத்தான் இருந்திருக்கிறது.

கடைசியில் ஒரு நாள் தண்ணி லாரியில் குடத்தைப் பிடித்துத் தூக்கும்போது, குடத்தோடு தெருவில் விழுந்தாள். எதிர்வீட்டு முருகம்மாள் நல்லவேளையாக ஹரிராமுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவர் சோடாவோடு வந்திருப்பார். நேரே ஒரு ஆட்டோவைப் பிடித்து, "அக்கா, கண்ண மூடாத, என்னையப் பாரு, என்னையப் பாரு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சீதாலட்சுமி உயிரோடு இருப்பதற்கு முருகம்மாள்தான் காரணம். இருந்தாலும் ஊரில் ஹரிராம்தான் பெண்டாட்டியைக் காப்பாற்றியதாகப் பேச்சு. அவரே சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள்.

அங்கேதான் டாக்டர் கிரீஷ் வந்து சேர்ந்தார். மேலமாசி வீதி ஹாலாஸ்யம் வக்கீலின் பையன். ஜப்பானில் ஆறு மாசம் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். போகும்போது மனுஷராகப் போனவர், வரும்போது மணிக்கட்டுப் பைத்தியமாக வந்தார். இதயத்துக்குப் போகத் தொடை எதற்கு, மணிக்கட்டில் நாடி பார்க்கிற இடத்து ரத்தக்குழாய் போதுமே என்பது அவர் கட்சி. யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பிடிப்பார். கல்யாண வீட்டில் கை குலுக்குகிறவர்களுடைய நாடியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார் என்று நர்சுகள் சிரிப்பார்கள்.

சீதாலட்சுமியின் கையைப் பிடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு சின்ன மணிக்கட்டு. புது மண்டபத்து வளையல்காரர் அவளைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான வளையலைத்தான் எடுத்து நீட்டுவார். அதற்குள் ஓடுகிற ரத்தக்குழாய் எப்படி இருக்கும்? சேமியா மாதிரி இருக்கும். கூட இருந்த பெரிய டாக்டர், தலை நரைத்தவர், "இந்த அம்மாவுக்குத் தொடைதாம்ப்பா சரி. இம்புட்டு மெல்லிசுல எங்கிட்டுக் கொழாய விடப் போற?" என்றார்.

"சார், மெல்லிசா இருக்கிறவங்களுக்குத்தான் இது வேணும். சின்ன உடம்பு, தொடையில போட்டா ரத்தம் உள்ளயே கசிஞ்சு ஆபத்தாகலாம். எங்கிட்ட ஜப்பான் குழாய் இருக்கு" என்றார் கிரீஷ். ஏதோ ஜப்பானையே பையில் போட்டுக்கொண்டு வந்ததுபோல.

அவர் சொன்னதில் தப்பில்லை. வைத்தியத்தில் கெட்டிக்காரர்தான், அதைக் குறை சொல்லக் கூடாது. அவளுடைய உள்ளங்கையை மூடித் திறக்கச் சொல்லி, மணிக்கட்டை இரண்டு பக்கமும் அழுத்தி, ஒரு பக்கத்தை மட்டும் விட்டு, வெளுத்த கை சிவக்கிறதா என்று பார்த்தார். சிவந்தது. ஒரு குழாயில் வேலை செய்தாலும் இன்னொரு குழாய் கைக்கு ரத்தம் கொடுக்கும் என்று விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஹரிராம் பக்கம் திரும்பி, வாயெல்லாம் பல்லாக, அந்த வாக்கியத்தையும் சொன்னார்.

"தொடை மாதிரி படுத்துக் கிடக்க வேண்டாம் சார். மணல் மூட்டை கிடையாது. அன்னிக்கே எழுந்து உட்காரலாம். மறுநாளே எழுந்து நடக்கலாம், வழக்கமான வேலையெல்லாம் பார்க்கலாம். கனமா மட்டும் எதுவும் தூக்க வேண்டாம்."

"மறுநாளேவா?" ஹரிராமுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்ப அதையே பண்ணிருங்க டாக்டர். பாவம், இவளுக்கும் படுத்துக் கெடந்தா பிடிக்காது."

சீதாலட்சுமிக்குத் தலையில் இடி இறங்கியது. அவளுக்குப் படுத்துக் கிடந்தால் பிடிக்காதாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் படுத்துக் கிடந்து பார்த்திருந்தால் அல்லவா பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியும். வாயைத் திறந்து, "தொடையிலயே பண்ணிக்கிறேன் டாக்டர்" என்றாள். டாக்டர் சிரித்தார். ஹரிராம் சிரித்தார். நர்ஸ் செல்லக்கிளியும் சிரித்தாள். விவரம் தெரியாத பொம்பளை, பழசையே கேட்கிறாள் என்று அத்தனை பேருக்கும் இரக்கம்.

மேசையில் படுக்க வைத்தார்கள். மரத்துப்போக ஒரு ஊசி, அதற்கு மேல் ஒரு குத்து. முழித்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் ஒரு சாண் தூரம் போயிருப்பார், அங்கேயே ரத்தக்குழாய் சுருங்கி அவர் விட்ட குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. முழங்கை வரைக்கும் யாரோ துணி பிழிகிற மாதிரி வலி.

"பயப்படாதீங்கம்மா. பயந்தா ரத்தக்குழாய் சுருங்கிக்கும். சின்னக் குழாய்னா இன்னும் ஜாஸ்தி சுருங்கும். மருந்து விட்டிருக்கேன். ஏதாவது சந்தோஷமான விஷயத்தை நினைச்சுக்கோங்க."

இது என்னடா வம்பு என்று இருந்தது. சரி, உயிர் போகிற விஷயம் என்று நினைத்துப் பார்த்தாள். மூத்த பையன் பிறந்ததை நினைத்தாள். பிரசவம் முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் மாமியார் அரிசி புடைக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. குழாய் இன்னும் இறுகியது. அழகர் ஆற்றில் இறங்குவதை நினைத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளிகளும், அவர்களுக்குக் கிளறிய புளியோதரை அண்டாவும்தான் கண்ணில் தெரிந்தன. அழகரை அவள் பார்த்ததே இல்லை. கடைசியில், மானத்தை விட்டு, ஒரு கட்டிலை நினைத்தாள். வெள்ளை விரிப்பு. அதில் அவள். பக்கத்தில் யாரோ ஒருவர் காபி டம்ளரை வைத்துவிட்டு, "ஆற விட்றாத" என்று சொல்லிவிட்டுப் போகிறார். யார் என்று முகம் தெரியவில்லை. நிச்சயமாக ஹரிராம் இல்லை.

ரத்தக்குழாய் இளகியது, ஜப்பான் குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. டாக்டர், மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு அடைப்பை எடுத்து ஸ்பிரிங் வைத்தாயிற்று. இன்னொன்றை அடுத்த மாசம் எடுக்கலாம், அடைப்பு படத்தில் தெரிவதற்காக விடுகிற சாய மருந்தை ஒரே நேரத்தில் அவ்வளவு விட்டால் சிறுநீரகம் தாங்காது என்றார்கள். வலது மணிக்கட்டில் ஒரு சின்னக் கட்டு. சொன்னபடியே மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஹரிராம், "நடக்கிறா பாரு! நடக்கிறா பாரு!" என்று முருகம்மாளுக்குக் காட்டினார். ஏதோ குழந்தைக்கு முதல் அடி எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் போல.

சாயங்காலமே சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பெரிய நாத்தனார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். கட்டிலில் படுத்திருக்கிற நோயாளியைப் பார்த்து அழுவதற்குத் தயாராக, பஸ்ஸிலேயே முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்திருந்தாள். வந்தால் நோயாளி கதவைத் திறக்கிறாள்!

"எங்க, ஆபரேசன் பண்ண எடத்தக் காட்டு."

சீதாலட்சுமி கையை நீட்டினாள்.

"இம்புட்டுதானா?" நாத்தனாருக்கு முகம் தொங்கிவிட்டது. "எங்க தம்பிக்கு எம்புட்டுப் பெரிய மூட்டைய வச்சாங்ய. நீ என்னடான்னா தடுப்பூசி போட்ட மாதிரி வந்து நிக்கிற." கையில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை ஒரு தடவை பார்த்தாள். திருப்பிக் கொண்டுபோனால் நன்றாக இருக்காதே என்று கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு, "எனக்குச் சீனி கம்மியா" என்றாள்.

இதுதான் ஊர் வழக்கம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பினால் குடும்பத்தையே காறித் துப்புவார்கள். நோயாளியே காபி போட்டால் என்ன செய்வது என்று வழக்கம் எதுவும் சொல்லவில்லை. இதற்கு முன்னால் அப்படி ஒரு நோயாளி எழுந்து நின்றதில்லை. அவள் பால் காய்ச்சினாள். மறுநாள் ஹரிராமின் கடைக்காரர் சங்கத்திலிருந்து வந்தார்கள். அவர்களுக்கும் காய்ச்சினாள். வந்த ஒவ்வொருவரும் அவள் காபியைக் குடித்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

கனமாக எதுவும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஹரிராம் மறக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கடையிலிருந்து வந்த சேலைக் கட்டை அவள் நகர்த்தப் போனபோது, "ஏய், ஏய், தொடாத! டாக்டர் என்ன சொன்னாரு?" என்று பதறிப்போய் விஜய்ஆனந்தைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். அப்புறம் தண்ணி லாரி வந்தது. குடம் கனம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. குடம் எப்படிக் கனமாகும்? ஆண்கள் தூக்கினால்தானே கனம். பெண்கள் தூக்குவது குடம்.

நான்காவது குடத்தைத் திண்ணென்று இடுப்பில் வைத்தபோது மணிக்கட்டுக்குள் ஏதோ விண்ணென்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வீங்கியது. முழங்கை வரை கத்தரிக்காய் நிறம். முருகம்மாள்தான் மறுபடியும் ஆட்டோ பிடித்தாள். ஆட்டோக்காரருக்கு இதற்குள் வழி பழகிவிட்டது.

டாக்டர் கிரீஷுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வீங்கிய இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வராத குறையாகக் கேட்டார். "என்னம்மா பண்ணீங்க? அவ்வளவு கஷ்டப்பட்டு அந்தச் சின்னக் குழாய்ல போனேனே. என்னதான் பண்ணீங்க?"

"நீங்க சொன்னதத்தான் டாக்டர் பண்ணேன். வழக்கமான வேலை."

"வழக்கமான வேலைன்னா, எழுந்து உட்கார்றது, நாலு எட்டு நடக்கிறது, பேப்பர் படிக்கிறது, டி.வி. பார்க்கிறது. அதைச் சொன்னேம்மா!"

"அது எங்க வீட்டுக்காரரோட வழக்கமான வேலை டாக்டர்."

செல்லக்கிளி பஞ்சை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் வீக்கத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருடைய காபி எங்கிருந்து வருகிறது என்று அவரும் அதுவரை யோசித்ததில்லை.

வீக்கம் வடிந்தது. கை பிழைத்தது. இரண்டாவது அடைப்பு பாக்கி. நாள் குறிக்க அவளை வரச் சொன்னபோது, ஹரிராம் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, சீதாலட்சுமி டாக்டரிடம் கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம்.

"டாக்டர், உங்க ஜப்பானெல்லாம் பெருசுதான். நான் இல்லேங்கல. இந்தத் தடவ மட்டும் தொடையில பண்ணுங்க. ஒரே ஒரு நாள் எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

டாக்டருக்கு அது புரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. பாதி புரிந்திருக்கும். ஆனால் மணிக்கட்டுப் பைத்தியம் பெரிய பைத்தியம். "அம்மா, தொடையில உங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. ரெஸ்டுக்காக ஆபத்தை வாங்கிக்கச் சொல்றீங்களா? இடது கைல பண்றேன். இந்தத் தடவை உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் ஸ்ட்ரிக்டா சொல்லிடறேன்" என்றார். சொன்னார். ஹரிராமை நிற்க வைத்து, மேசையைத் தட்டிச் சொன்னார். "பத்து நாளைக்கு அந்தக் கையால ஒரு டம்ளர்கூடத் தூக்கக் கூடாது. புரியுதா?"

ஹரிராமுக்கு நன்றாகப் புரிந்தது. "இந்தத் தடவ எடது கைதான டாக்டர்?"

"ஆமா, இடது கை."

"அது போதும். சோத்துக் கை சும்மாதான இருக்கும்." நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "வசதியாப் போச்சு."

சீதாலட்சுமிக்கு அன்றைக்கு வந்த கோபம் அதற்கு முன்னால் வந்ததில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கத்திப் பழக்கம் இல்லை. வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள், உப்புப் போடவில்லை. மூன்று பேரும் கண்டுபிடிக்கவில்லை. பேசாமல் விஷத்தைக் கலந்து வைத்தாலும் இன்னும் கொஞ்சம் ஊற்று என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் ஒரே தடபுடல். வெளியூர்களிலிருந்து இதய டாக்டர்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சின்ன ரத்தக்குழாய் உள்ளவர்களுக்கும் மணிக்கட்டு வழியாகச் செய்ய முடியும் என்று டாக்டர் கிரீஷ் அவர்கள் கண்முன்னாலே செய்து காட்டப் போகிறாராம். ஆஸ்பத்திரி வாசலில் பேனர். அதில் ஒரு வெள்ளைக்காரக் கை. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், விளம்பரத்தை அவர்களே தாராளமாகக் கொடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து அறையில் பெரிய டி.வி.யில் சீதாலட்சுமியின் இதயம் ஓடிக்கொண்டிருக்க, வந்தவர்கள் பிஸ்கட் கடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

வேலை அற்புதமாக நடந்தது. இந்தத் தடவை குழாய் ஒரு இடத்திலும் இறுகவில்லை. "என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு தைரியமா இருக்கீங்க?" என்று டாக்டரே கேட்டார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முடிவுக்கு வந்தவர்களுக்குப் பயம் இருப்பதில்லை.

வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். வெள்ளை விரிப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்து, வந்த டாக்டர்கள் அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நரைத்த பெரிய டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வாசல் பக்கம் ஹரிராம், பிளாஸ்டிக் கூடையில் துணிமணிகளை மடித்து வைத்து, ஆட்டோவைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டுத் தயாராக இருந்தார். மறுநாள்தான் அனுப்புவார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. காலையில் ஓட்டலில் சாப்பிட்ட பூரி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் கிரீஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஏதோ பெருமையாகச் சொன்னார். பிறகு தமிழில், "அம்மா, எழுந்து நாலு எட்டு நடந்து காட்டுங்க" என்றார்.

சீதாலட்சுமி அசையவில்லை.

"எழுந்திரிங்கம்மா. பயமே வேண்டாம்."

"முடியாது டாக்டர்."

கட்டிலைச் சுற்றி ஒரு சலசலப்பு. டாக்டர் கிரீஷின் முகம் வெளுத்துவிட்டது. நாடியைப் பிடித்தார், நன்றாக ஓடியது. ரத்த அழுத்தம் பார்த்தார், அவருடையதைவிட நன்றாக இருந்தது. மார்பில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். வந்த டாக்டர்களில் ஒருத்தர் காலைத் தட்டிப் பார்த்தார், இன்னொருத்தர் கண்ணில் டார்ச் அடித்தார், மூன்றாவது ஆள் பக்கவாதமாக இருக்குமோ என்று மெல்ல ஆரம்பித்தார். உள்ளங்காலில் கீறியபோது கூச்சத்தில் விரல்களை மடக்கினாள். எல்லாம் வேலை செய்தது. மனுஷி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"மயக்கம் வருதா?"

"இல்ல."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல டாக்டர். நல்லா இருக்கு. நல்லா வைத்தியம் பண்ணியிருக்கீங்க."

"அப்புறம் ஏம்மா எழுந்திரிக்க முடியாதுங்கறீங்க?" டாக்டர் இ.சி.ஜி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க என்ன பண்ணுது? சொன்னாத்தானே தெரியும்?"

சீதாலட்சுமி அவரைப் பார்த்தாள். அதட்டலாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுகிற குரலில்தான் சொன்னாள்.

"எந்திரிச்சா வீட்டுக்கு அனுப்பிருவீங்கள்ல."

இருபது சொச்சம் இதய டாக்டர்களுக்கும் அதற்கு ஒரு மருந்து தெரியவில்லை. ஒருத்தர் கையில் இருந்த பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அங்கே நின்ற ஒரே லேடி டாக்டர், பெங்களூரில் இருந்து வந்தவர், தமிழ் அவ்வளவாகத் தெரியாது என்றார்கள். அவர் மட்டும் குனிந்து, விலகியிருந்த போர்வையை இழுத்து சீதாலட்சுமியின் கால்வரை மூடிவிட்டார். சீதாலட்சுமி கண்களை மூடிக்கொண்டாள்.

டாக்டர் கிரீஷ் கையிலிருந்த இ.சி.ஜி. தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு எல்லாரையும் பார்த்து, "பேஷன்ட் நாளைக்கு நடப்பாங்க" என்றார்.

சீதாலட்சுமி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நாளான்னிக்கு" என்று திருத்தினார்.

அவள் இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் இந்த அம்மா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது" என்றார் டாக்டர். இதைச் சொல்லும்போது அவர் ஹரிராமைத்தான் பார்த்தார். ஜப்பானில் கற்றுக்கொண்டது அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. பெரிய டாக்டர் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. ஹரிராம் கூடையோடு கட்டில் பக்கம் வந்தார். முகமெல்லாம் கவலை. பெண்டாட்டிக்கு ஏதோ பெரிய ஆபத்து என்று அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும் என்று செல்லக்கிளி நினைத்தாள். பாவம், அவள் சின்னப் பெண். அவர் குனிந்து, ரொம்பவும் மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"அப்ப ராத்திரிக்கு எங்களுக்குச் சோறு?"

சீதாலட்சுமிக்கு அது காதில் விழவில்லை. தூங்கிவிட்டிருந்தாள்.